இறுதிச் சுற்றுக்கு வந்திருப்பவர்களுக்கு: சம்பளப் பேச்சு நேர்காணல் அறையிலேயே தொடங்கிவிடுகிறது

அன்புள்ள விண்ணப்பதாரர்களுக்கு,

வணக்கம். முதல் சுற்றுகளைத் தாண்டி இறுதி நேர்காணலுக்கு அழைக்கப்பட்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நாங்கள் மேசையின் மறுபக்கம் உட்காருகிறவர்கள். ஆட்களைத் தேர்வு செய்வதும், தேர்வானவருக்கு என்ன தொகை தரலாம் என்று மேலிடத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்குவதும் எங்கள் வேலை. திறமையுள்ள பலர் தங்கள் தகுதிக்குக் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுவதைத் தொடர்ந்து பார்க்கிறோம். பேரம் பேசக் கூச்சப்பட்டதால் இழந்தவர்கள் அவர்களில் கொஞ்சம்தான். பேரத்துக்கு வேண்டிய ஆதாரத்தை நேர்காணலில் எங்களிடம் கொடுக்காமலேயே எழுந்து போனவர்களே அதிகம்.

நீங்கள் அறையை விட்டுப் போன பிறகு நடப்பது இது. பேனலில், அதாவது உங்களை நேர்காணல் செய்த குழுவில், இருந்தவர்கள் ஆளுக்கொரு குறிப்பு எழுதுவார்கள். உங்களை வேலைக்கு எடுக்க நினைக்கும் மேனேஜர் ஒப்புதல் படிவம் ஒன்றை நிரப்புவார்: பெயர், கிரேடு (பதவியின் சம்பளப் படிநிலை), முன்மொழியும் சம்பளம், காரணம். அந்தப் படிவம் உங்களைப் பார்த்தே இராத ஒருவரின் மேசைக்குப் போகும். அவர் நிதித்துறையில் இருக்கலாம், சம்பள அமைப்பைக் கவனிக்கும் பிரிவில் இருக்கலாம். காரணம் என்ற இடத்தில் "நல்ல அனுபவம், நன்றாகப் பேசுகிறார்" என்று இருந்தால், கிரேடின் கீழ்ப்பாதியில் ஒரு தொகையைக் குறித்து அனுப்பிவிடுவார். "வாடிக்கையாளர் புகாரைத் தீர்க்க ஆகும் நேரத்தை 9 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்தவர், ஆறு பேர் குழுவை இரண்டு ஆண்டு நடத்தியவர், அடுத்த காலாண்டில் நமக்கு இருக்கும் சிக்கல் இதுவே" என்று இருந்தால், மேல்பாதியில் யோசிக்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். இந்த இரண்டாவது வாசகத்தை மேனேஜர் தானாகக் கற்பனை செய்து எழுத முடியாது. நீங்கள் சொல்லியிருந்தால்தான் எழுதுவார். ஆகவே நீங்கள் நேர்காணலுக்கு ஆயத்தமாவதே சம்பளப் பேச்சுக்கான ஆயத்தமும்தான்.

கிரேடு பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் விண்ணப்பதாரர்கள் மிகக் குறைவாகக் கேட்பது அதைத்தான். கிரேடு முறை உள்ள நிறுவனங்களில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு நடுத்தொகை இருக்கும். அதில் 80 சதவீதத்திலிருந்து 120 சதவீதம் வரை வீச்சு வைப்பது பரவலான வழக்கம். நடுத்தொகை 100 என்றால், 80 முதல் 120 வரை. வெளியிலிருந்து வருபவரை நடுத்தொகைக்கு அருகிலோ சற்றுக் கீழேயோ வைக்கப் பார்ப்பார்கள். வரும் ஆண்டுகளில் உயர்வு தர இடம் வேண்டும் என்பது அதற்குக் காரணம். அதைத் தாண்டினால் கூடுதல் ஒப்புதல் வேண்டும். அடுத்த கிரேடின் நடுத்தொகை 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிரேடுக்குள் நின்று மிகத் திறமையாகப் பேசினாலும் 5 அல்லது 10 கூடும். கிரேடு மாறினால் 20 கூடும். போனஸ் சதவீதமும் நிறுவனப் பங்குகளின் ஒதுக்கீடும் கிரேடையே பின்பற்றுவதால் அவையும் கூடவே உயரும். ஆனால் கிரேடு இறுதிச் சுற்றின் குறிப்புகளை வைத்து முடிவாகிறது. ஆஃபர் வந்தபின் அதை மாற்ற வேண்டுமென்றால் மேனேஜர் எல்லா ஒப்புதலையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு இறங்க மாட்டார்.

அதனால் இறுதிச் சுற்றுக்குமுன் ஹெச்.ஆர். (மனிதவளத் துறை) தரப்பில் உங்களோடு பேசுபவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்தப் பதவி எந்தக் கிரேடில் திறக்கப்பட்டிருக்கிறது? மேல் கிரேடில் எடுக்கவும் இடமிருக்கிறதா? இருந்தால், அதற்கு எதைப் பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் விடைதான் உங்கள் ஆயத்தத்தின் திசை. கிரேடைப் பிரிப்பது அனுபவ ஆண்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் பார்ப்பது வேறு: யாரும் வழிகாட்டாமல் எவ்வளவு பெரிய முடிவை எடுத்திருக்கிறீர்கள், அந்த முடிவு எத்தனை பேரையும் எவ்வளவு பணத்தையும் தொட்டது, தெளிவில்லாத நிலையில் என்ன செய்தீர்கள். நீங்கள் சொல்லும் நிகழ்வுகளில் இவை தெரிய வேண்டும்.

அதே உரையாடலில் இன்னும் சில விவரங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேனலில் யார் யார், அவர்கள் பொறுப்பு என்ன, மொத்தம் எத்தனை நிமிடம், விளக்கக்காட்சியோ எழுத்துப் பயிற்சியோ உண்டா, முடிவை எப்போது சொல்வார்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைப்பதில்லை.

இனி ஆயத்தம். வேலை அறிவிப்பை எடுத்து, அதில் உள்ள பொறுப்புகளை ஐந்து அல்லது ஆறாகச் சுருக்குங்கள். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பொறுப்பு. இரண்டாவதில் அதற்கு நிகராக நீங்கள் செய்த வேலை. மூன்றாவதில் அந்த வேலையின் எண். மூன்றாவது பத்திதான் எல்லோருக்கும் காலியாக இருக்கும். அதை நிரப்ப நான்கு கேள்விகள் போதும்: முன்பு எவ்வளவு இருந்தது, பின்பு எவ்வளவு ஆனது, எவ்வளவு காலத்தில், அதில் உங்கள் பங்கு என்ன. "செயல்திறனை மேம்படுத்தினேன்" என்பதை எங்களால் படிவத்தில் எழுத முடியாது. "மாதக் கணக்கை முடிக்க 8 நாள் ஆனது, மூன்று மாதத்தில் 5 நாளாக்கினோம், அதில் பொருத்திப் பார்க்கும் வேலையைத் தானியங்கியாக மாற்றியது என் பொறுப்பு" என்பதை எழுத முடியும். பழைய நிறுவனத்தின் ரகசிய எண்களைச் சொல்ல வேண்டாம். விகிதமாகச் சொன்னால் போதும். ரகசியத்தைக் கொட்டுபவரை எடுக்க நாங்கள் தயங்குவோம், நாளை எங்கள் ரகசியமும் வெளியே போகும் என்பதால். எண்ணே இல்லாத வேலையும் உண்டு. அங்கே அளவைச் சொல்லுங்கள்: எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், எத்தனை துறைகள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்கு முன் அந்த முயற்சி எத்தனை முறை நின்றுபோனது.

இந்தத் தாளிலிருந்து ஆறு அல்லது ஏழு நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவறுவது நேரப் பங்கீட்டில். பின்னணியை விளக்கியே ஒன்றேகால் நிமிடத்தைச் செலவிட்டு, செய்ததை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். பின்னணிக்கு இருபது நொடி போதும். பாதிக்கு மேற்பட்ட நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள், வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்பதற்குப் போக வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்றே முழுவதும் சொல்வது நம்மவர்களின் அடக்கம், மதிக்கத்தக்கது. ஆனால் குறிப்பு எழுதுபவருக்கு உங்கள் பங்கு எது என்று தெரியாமல் போகிறது. குழுவின் சாதனையைக் குழுவுக்கே கொடுங்கள். உங்கள் முடிவையும் உங்கள் உழைப்பையும் மட்டும் "நான்" என்று சொல்லுங்கள்.

ஏழில் ஒன்று தோல்வியாக இருக்கட்டும். உண்மையான தோல்வி. "அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை" போன்ற விடைகளை எழுதிக்கொள்ளாமலே கடந்துவிடுகிறோம். என்ன இழப்பு ஏற்பட்டது, எப்போது கண்டுபிடித்தீர்கள், யாரிடம் முதலில் சொன்னீர்கள், அதன்பின் எந்த நடைமுறையை மாற்றினீர்கள் என்ற நான்கும் இருந்தால், அது வெற்றிக் கதையைவிட அதிக மதிப்பெண் வாங்கும்.

மதிப்பெண் என்று தெரிந்தேதான் சொல்கிறோம். ஒழுங்காக நடத்தப்படும் இறுதிச் சுற்றில் எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல், ஒவ்வொரு விடைக்கும் தனி மதிப்பெண் இருக்கும். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட பகுப்பாய்வில், ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முறைகளுள் இப்படிக் கட்டமைத்த நேர்காணலே முன்னணியில் வந்தது. இதனால் உங்களுக்கு ஆகவேண்டியது: கேட்ட கேள்விக்கு விடை சொல்லுங்கள். குழு மோதலைப் பற்றிக் கேட்டால் குழு மோதலைத்தான் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து வந்த வேறு வெற்றியை அங்கே நுழைத்தால், எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

முந்தைய சுற்றுக் குறிப்புகள் எங்கள் முன்னால் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது குழுவில் எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு இப்போது பன்னிரண்டு என்றால், பேனல் அதைக் கவனிக்கும். ஒவ்வொரு சுற்றும் முடிந்த அன்றே, எதைச் சொன்னீர்கள், எந்தக் கேள்வியில் திணறினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திணறிய கேள்வி இறுதிச் சுற்றில் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் முந்தைய பேனல் "இதை மறுபடி பாருங்கள்" என்று எழுதியிருக்கும்.

பேனலில் ஒவ்வொருவரும் வேறு வேறு அச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜருக்கு, இவர் வந்தால் என் சுமை எப்போது குறையும் என்ற கவலை. அவருக்கு மேலே இருப்பவருக்கு, இவர் இரண்டு ஆண்டில் இதைவிடப் பெரிய பொறுப்புக்குத் தாங்குவாரா என்ற கேள்வி. பக்கத்துத் துறைத் தலைவருக்கு, இவரோடு சண்டையில்லாமல் வேலை நடக்குமா என்பது. ஹெச்.ஆர். தரப்புக்கு, ஆஃபர் கொடுத்தால் சேருவாரா, எப்போது சேருவார். ஒரே நிகழ்வையே இந்த நால்வருக்கும் நான்கு கோணத்தில் சொல்ல முடியும்.

"சேர்ந்த முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள்?" என்பது கிட்டத்தட்ட நிச்சயமாக வரும். வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதாகச் சொல்பவர்களைக் கண்டு பேனல் பயப்படுகிறது. முதல் மாதம் யாரிடமெல்லாம் பேசி, எந்தத் தரவைப் பார்ப்பீர்கள். இரண்டாவது மாதம் எந்தச் சிறிய வேலையை முழுதாக முடித்துக் காட்டுவீர்கள். மூன்றாவது மாதம் எந்தத் திட்டத்தை மேனேஜர் முன் வைப்பீர்கள் என்று சொல்லுங்கள். நடுவில் "இந்த ஒன்றை நான் இன்னும் அறியவில்லை, அறிந்தபின் திட்டம் மாறலாம்" என்று சேர்ப்பது முதிர்ச்சியின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் சம்பளத்தோடு தொடர்புடையவைதான். "ஓராண்டு கழித்து, இவரை எடுத்தது சரியான முடிவு என்று நீங்கள் சொல்ல வேண்டுமானால், எது நடந்திருக்க வேண்டும்?" என்று மேனேஜரிடம் கேளுங்கள். அவர் தரும் விடை அவருடைய உண்மையான தேவை. பின்னால் தொகையைப் பற்றிப் பேசும்போது அதே சொற்களைத் திருப்பிப் பயன்படுத்துவீர்கள். இந்தப் பதவி ஏன் காலியானது, யார் எந்த முடிவை எடுக்கிறார்கள், இப்போது நிற்கும் பெரிய தடை எது என்பவையும் நல்ல கேள்விகள். விடுமுறை, காப்பீடு, வீட்டிலிருந்து வேலை ஆகியவற்றை ஆஃபர் வரும்வரை தள்ளி வையுங்கள். ஆஃபருக்குப் பின் அவற்றைக் கேட்க உங்களுக்கு வலு கூடும்.

காணொளி நேர்காணலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே, இணையம் அறுந்தால் கைபேசி இணைப்பு ஆயத்தம். திரையில் எழுதி வைத்துப் படித்தால் கண் அசைவு காட்டிக்கொடுக்கும். குறிப்புச் சொற்கள் மட்டும் கேமராவுக்கு அருகில் இருக்கட்டும். ஒத்திகை இரண்டு முறையாவது வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்து கேட்க வேண்டும். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நேரக் கணக்கு அதில் தெரிவதே இல்லை.

இனி தொகை. நேர்காணலுக்கு முன்பே மூன்று எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்: இதற்குக் கீழ் போனால் மறுத்துவிடுவேன் என்பது ஒன்று; கிடைத்தால் நிறைவு என்பது ஒன்று; முதலில் கேட்கப்போவது ஒன்று. மறுக்கும் எண்ணை ஆஃபர் வந்த மகிழ்ச்சியில் தீர்மானிக்கக் கூடாது. அந்த நேரத்தில் எல்லாத் தொகையும் நல்ல தொகையாகவே தெரியும். சந்தை நிலவரத்துக்கு ஒரே பதவி, ஒரே ஊர், ஒத்த அளவுள்ள நிறுவனம் ஆகிய மூன்றும் பொருந்தும் ஐந்து தகவலாவது சேருங்கள்: சம்பள வீச்சு வெளியிட்ட வேலை அறிவிப்புகள், ஆள்சேர்ப்பு முகவர்கள், அதே துறையில் இருப்பவர்கள். இணையத்தளங்களின் சராசரி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கிரேடுகள் அதில் கலந்து கிடக்கும்.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் யார் முதலில் எண்ணைச் சொல்வது? உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இலேயே, முதலில் காதில் விழும் எண் அடுத்து வரும் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று காட்டினார்கள். எங்கள் கருத்து: நல்ல தகவல் கையில் இருந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். இல்லையென்றால், "இந்தக் கிரேடுக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வீச்சைச் சொன்னால், என் எதிர்பார்ப்பு அதற்குள் வருகிறதா என்று சொல்லிவிடுகிறேன்" என்று திருப்பிக் கேளுங்கள். வீச்சாகச் சொல்வதானால், அதன் அடிமட்டம் உங்களுக்கு நிறைவான எண்ணாக இருக்க வேண்டும். 100 வேண்டுமென்றால் "90 முதல் 110" என்று சொல்லாதீர்கள். நாங்கள் 90 என்றுதான் கேட்போம். "100 முதல் 112" என்று சொல்லுங்கள். டேனியல் ஏம்ஸும் மாலியா மேசனும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இலக்கிலிருந்து மேல்நோக்கிப் போகும் வீச்சு பேச்சின் சுமுகத்தைக் கெடுக்காமலேயே நல்ல தொகையைப் பெற்றுத் தந்தது. "எதுவானாலும் சரி, பார்த்துச் செய்யுங்கள்" என்ற விடையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது பணிவாகத் தோன்றினாலும், படிவத்தில் கீழ் எல்லை எண்ணாகவே பதிவாகும்.

இப்போது வாங்கும் சம்பளத்தைக் கேட்பது சில இடங்களில் சட்டப்படி தவறு. நியூயார்க் நகரில் 2017 அக்டோபர் 31 முதலும் கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதலும் அதற்குத் தடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மைக்கான ஆணையும் அந்தக் கேள்வியை விலக்குவதோடு, தொடக்கச் சம்பளத்தையோ வீச்சையோ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. தடை இல்லாத இடங்களில், "இந்தப் பதவியின் பொறுப்பு என் இப்போதைய பொறுப்பைவிடப் பெரியது, அதனால் இதற்கான சந்தைத் தொகையை வைத்துப் பேசலாம்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மீண்டும் வற்புறுத்தினால் உண்மையைச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவே கூடாது. சம்பளச் சீட்டும் முந்தைய நிறுவனச் சரிபார்ப்பும் பின்னால் வரும். பொய் தெரிந்தால் கையெழுத்தான ஆஃபரும் போகும்.

ஆஃபர் தொலைபேசியில் வந்தால் அந்த அழைப்பிலேயே சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லுங்கள், மகிழ்ச்சியைக் காட்டுங்கள், முழு விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள், விடை சொல்லும் நாளை நீங்களே குறியுங்கள். இரண்டு மூன்று வேலைநாள் கேட்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

எழுத்தில் வந்ததும் மொத்தத் தொகையை உடைத்துப் பாருங்கள். மொத்தம் 120 என்று இருக்கும். அதில் நிலையான சம்பளம் 84, ஆண்டு போனஸ் 18, சேரும் போனஸ் (வேலையில் சேரும்போது ஒருமுறை மட்டும் தருவது) 10, காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் 8 என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கில் உங்களுக்கு வருவது வரிக்கு முன் 84ஐப் பன்னிரண்டால் வகுத்த 7 மட்டுமே. இரண்டாம் ஆண்டில் சேரும் போனஸ் இல்லை. ஆண்டு போனஸும் 70 சதவீதமே கிடைத்தால் அது 12.6. ஆக மொத்தம் 104.6. 120 என்று நம்பி வந்தவருக்கு இந்த இடத்தில்தான் மனம் உடைகிறது. எனவே கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கிரேடுக்கு போனஸ் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பங்குகள் தருகிறார்கள் என்றால், எத்தனை ஆண்டில் கைக்கு வரும் என்று பாருங்கள். நான்கு ஆண்டுக்குப் பிரித்து, முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் தராமல், முடிந்ததும் 25 சதவீதம் தருவது பரவலான ஏற்பாடு. பதினோராவது மாதத்தில் விலகினால் கையில் பூஜ்யம்.

நிலையான சம்பளத்தில் கூடும் சிறு தொகைகூடப் பெரியது. தொடக்கச் சம்பளம் 100க்குப் பதில் 105 என்று வைத்து, ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு என்று கணக்கிட்டால், பத்து ஆண்டில் வரும் வேறுபாடு சுமார் 66. தொடக்கச் சம்பளத்தில் ஏறத்தாழ எட்டு மாதச் சம்பளம் அது. ஒரு மின்னஞ்சல் எழுதத் தயங்கினால் போவது அவ்வளவு.

அந்த மின்னஞ்சலை ஒரே தடவையில் எழுதுங்கள். இன்று சம்பளம், நாளை விடுமுறை, மறுநாள் சேரும் தேதி என்று தவணையாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் மேனேஜர் ஒப்புதலுக்கு ஓட வேண்டியிருக்கும். மூன்றாவது முறை அவர் உங்கள் பக்கம் நிற்க மாட்டார். எல்லாக் கோரிக்கையும் ஒன்றாக, முக்கியமானது முதலில், முடிவில் ஒரு உறுதி. இப்படி இருக்கலாம்: "ஆஃபருக்கு மிக்க நன்றி. இந்த வேலையில் சேரவே விரும்புகிறேன். புகார் தீர்க்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதலாண்டின் முக்கிய வேலை என்று சொன்னீர்கள். அதை நான் ஏற்கெனவே 9 நாளிலிருந்து 4 நாளாக்கிக் காட்டியிருக்கிறேன். இதே பொறுப்புக்குச் சந்தையில் 92 முதல் 100 வரை தருகிறார்கள். நிலையான சம்பளத்தை 94 ஆக்க முடியுமா? அது அமைந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன்." இதில் உள்ள காரணத்தை மேனேஜர் அப்படியே எடுத்து ஒப்புதல் படிவத்தில் ஒட்டலாம். வீட்டு வாடகை, கடன் தவணை, குடும்பச் செலவு ஆகியவற்றைக் காரணமாக எழுதினால் ஒட்ட எதுவும் இருக்காது. உங்கள் சிரமம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஒப்புதல் தருபவரின் விதிப்புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கேட்ட பிறகு காத்திருங்கள். பதில் வருமுன்பே "பரவாயில்லை, 88 ஆனாலும் சரி" என்று நீங்களே இறங்கிவிடும் பழக்கம் மிகப் பரவலானது, மிக வேதனையானதும்கூட. தொலைபேசியிலும் எண்ணைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். எதிரில் நிலவும் மௌனத்துக்குப் பெரும்பாலும் பொருள், அவர் குறித்துக்கொண்டிருக்கிறார் என்பதே.

"இதற்கு மேல் முடியாது" என்று வந்தால், எது தடை என்று கேளுங்கள். மிகப் பெரும்பாலும் அது உள்ளே இருப்பவர்களின் சம்பளச் சமநிலை: ஏற்கெனவே அதே கிரேடில் இருப்பவரைவிடப் புதியவருக்கு அதிகம் கொடுத்தால் உள்ளே பிரச்சினை வரும். அப்படியானால் ஒருமுறை மட்டும் தரும் சேரும் போனஸ் எளிதில் கிடைக்கும். அது யாருடைய சமநிலையையும் குலைக்காது. ஆறு மாதத்தில் சம்பள மறுஆய்வு, கூடுதல் விடுமுறை, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள், சேரும் தேதி இவையும் அப்படியே. மறுஆய்வு என்றால் எந்த மாதம், எந்த இலக்கு எட்டினால், எவ்வளவு என்று ஆஃபர் கடிதத்தில் எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல்லாகத் தந்த மறுஆய்வு, மேனேஜர் மாறினால் அவரோடு போய்விடும்.

வேறு ஆஃபர் கையில் இருந்தால் சொல்லலாம். உண்மையாக இருந்தால் மட்டும். இல்லாததை இருப்பதாகச் சொன்னால், "சரி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்ற விடைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மரியாதையாக ஒருமுறை கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அரிது. திரும்பப் பெறப்படுவது எப்போதென்றால், சரி என்று ஏற்றபின் மறுபடி பேரத்தைத் திறக்கும்போது, கெடு வைத்து மிரட்டும்போது, பொய் வெளிப்படும்போது.

பெண் விண்ணப்பதாரர்களுக்கும், எங்களைப்போல் பேனலில் அமரும் சக ஊழியர்களுக்கும் ஒரு விஷயம். ஹன்னா ரைலி போல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, சம்பளம் கூட்டிக் கேட்ட பெண்களை மதிப்பிடுபவர்கள், அப்படியே கேட்ட ஆண்களைவிடக் கடுமையாக மதிப்பிட்டதைக் காட்டியது. அது பெண்களின் குறை இல்லை, மதிப்பிடுபவர்களின் குறை. பேனலில் இருப்பவர்கள் "கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்" என்று எழுதுமுன், இதே சொற்களை ஒரு ஆண் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும். கேட்கும் பெண்களுக்கு: பயந்து கேட்காமல் விட்டுவிடாதீர்கள். மேலே சொன்னபடி, அந்த மேனேஜரின் தேவையையும் சந்தை வீச்சையும் சேர்த்து வைத்துக் கேட்கும்போது பேச்சு உங்கள் சுபாவத்தை விட்டு வேலையின் மதிப்புக்கு நகர்கிறது.

கையெழுத்துக்குமுன் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். பதவிப் பெயரும் கிரேடும் பேசியபடி இருக்கின்றனவா. போனஸ் "நிறுவனத்தின் விருப்பப்படி" என்று இருக்கிறதா, இலக்கோடு கட்டப்பட்டிருக்கிறதா. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் சேரும் போனஸை முழுதாகத் திருப்ப வேண்டுமா, மாதக் கணக்கில் குறைத்துத் திருப்பலாமா. தகுதிகாண் காலம் எவ்வளவு. நோட்டீஸ் பீரியட் (விலகுவதை முன்கூட்டி அறிவிக்க வேண்டிய காலம்) இரு தரப்புக்கும் சமமா, நீங்கள் மூன்று மாதம் தர வேண்டும், அவர்கள் ஒரு மாதம் தந்தால் போதும் என்று இருக்கிறதா. விலகியபின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை உண்டா. திருப்பிச் செலுத்தும் விதியை மாதக் கணக்கில் குறைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

கடைசியாக, இப்போதைய வேலையை விடும் கடிதம். வாய்மொழி ஆஃபரை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்காதீர்கள். இரு தரப்புக் கையெழுத்தும் முடிந்து, பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்ற நிபந்தனை இருந்தால் அதுவும் முடிந்ததாக எழுத்தில் வந்த பிறகு கொடுங்கள். சரிபார்ப்பு தாமதமானால் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். நோட்டீஸ் பீரியடின் நாட்கள் அந்த எழுத்து வந்த நாளிலிருந்தே எண்ணப்படட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒப்புதல் படிவத்தை நிரப்புகிறவர்கள்